இரண்டு புள்ளி வைத்த மூடி

சுங்கை பூலோ,
9 நவம்பர் 2025.

மதிப்பிற்குரிய சிவேந்திரன் அத்தானுக்கு,

மூன்றரை வருடம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். போதும் என்று இன்று காலை தோன்றியது. நீங்கள் நலமா, ராஜினி அக்காவின் இரத்த அழுத்தம் எப்படி, பெர்த்தில் வெயில் தொடங்கிவிட்டதா என்று முறைப்படி விசாரிக்க வேண்டும். விசாரித்ததாக எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே நாங்கள் கணவன் மனைவி இரண்டு பேரும் இருக்கிறோம். சிவமலருக்கு முழங்கால் வலி. எனக்கு ஓய்வுபெற இன்னும் நான்கு வருடம். நில அளவைத் துறையில் என்னிடம் வேலை கற்றவர்களிடம் நான் இப்போது விடுப்புக்குக் கையெழுத்து வாங்குகிறேன். மற்றபடி தினமும் மாலையில் மழை.

இதை உங்கள் அலுவலக விலாசத்துக்கு அனுப்புகிறேன். வீட்டுக்கு அனுப்பினால் அக்கா பிரித்துவிடுவாள். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீங்கள் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவீர்கள்.

போன வாரம் குடும்பக் குழுவில் நீங்கள் போட்ட செய்தியைப் பார்த்தேன். "டிசம்பர் 20 வர்றோம். யோகா, மூணு கயாக்கையும் ரெடி பண்ணி வை. ரீல் எல்லாம் ஒருவாட்டி சர்வீஸ் போட்டுடு. காதர் பாயையும் கூப்பிடு லா, பழசெல்லாம் மறந்திருப்பாரு." அதன் கீழே ஒரு படகுப் படம், ஒரு மீன் படம். உங்கள் மகன் அருணன் அதற்கு இரண்டு இதயம் போட்டிருந்தான். சிவமலர் என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டு, "பாருங்க, உங்களுக்கு ஆர்டர் வந்திருச்சு" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். நான் அங்கே பதில் எழுதவில்லை. இதுதான் பதில்.

முதலில் நீங்கள் கேட்ட விஷயம். மூன்று கயாக் படகுகளும் வீட்டுப் பக்கச் சுவரில்தான் இருக்கின்றன. பக்கவாட்டில் சாய்த்து, அகலப் பட்டைகளில் தொங்கவிட்டிருக்கிறேன். தரையில் தட்டையாகக் கிடந்தால் நம் ஊர் வெயிலுக்கு அடிப்பகுதி நெளிந்துவிடும். மேலே தகரக் கொட்டகை போட்டாகிவிட்டது. உங்களுடையதில் துடுப்பு வைக்கும் துளையில் குளவி மண்கூடு கட்டியிருந்தது, தட்டி எடுத்தேன். காதருடையதில் பல்லி முட்டை. இருக்கைத் துணிகளை வெயிலில் போட்டுப் பூஞ்சைக் கறையைத் துலக்கினேன். உங்கள் உயிர்காப்பு ஜாக்கெட்டின் ஒரு வார் மட்கிவிட்டது. உள்ளே இருக்கும் நுரைப்பட்டையை அழுத்திப் பார்த்தேன், அமுங்கினால் மீண்டும் எழவில்லை. அதைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்க வேண்டாம், புதிது வாங்குங்கள்.

தூண்டில் ரீல்களைப் பற்றியும் சொல்கிறேன். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் தெரியாது. எட்டு வருடம் ஒன்றாக மீன் பிடிக்கப் போனோம். ஒரு நாள்கூட நீங்கள் கழுவும் வேலைக்கு நின்றதில்லை. என் வீட்டு வாசலில் மூன்று கயாக்கையும் இறக்கிய கையோடு, "யோகா, ஒரு சின்ன வேலை இருக்கு, நீ பாத்துக்க" என்பீர்கள். அந்தச் சின்ன வேலை பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு என்பது எனக்குத் தெரியும். காதர் மட்டும் அரை மணி நேரம் நின்று குழாயைப் பிடித்துக்கொடுப்பார். அவருக்குக் கிள்ளானில் துணிக்கடை திறக்க வேண்டும், அதற்குமேல் நிற்க முடியாது. மிச்சம் என்னுடையது.

ஈயம் தோண்டி விட்டுப்போன அந்த ஈயக்குட்டைத் தண்ணீர் பார்க்கப் பச்சையாக, குடிக்கலாம் போல இருக்கும். காய்ந்த பிறகுதான் தெரியும், எல்லாவற்றின் மேலும் மாவு போல மெல்லிய சேறு. ரீலைக் குழாய்க்கு நேராகப் பிடித்து வேகமாகக் கழுவினால் அந்தச் சேறு உள்ளே போய்விடும். ஈரத்துணியால் துடைக்க வேண்டும், நூலின் இழுவைத் திருகைத் தளர்த்திவிட வேண்டும், கைப்பிடியின் இணைப்பில் ஒரு சொட்டு எண்ணெய். ஒரு சொட்டுதான். போலி மீன்களின் மூன்று முனைக் கொக்கிகளை நல்ல தண்ணீரில் அலசி, தனித்தனியாகக் காயவைக்க வேண்டும். இதற்கெல்லாம் இரண்டரை மணி நேரம் ஆகும். என்னிடமிருந்து இரவல் வாங்கிய நீல ரீலை நீங்கள் மணலோடு திருப்பிக் கொடுத்தீர்கள், நினைவிருக்கிறதா? இருக்காது.

சின்ன மனஸ்தாபங்களை நான் சேர்த்துவைக்கிறவன் என்று அக்கா சொல்வாள். உண்மைதான். அருணன் கல்யாணத்தில் தாய்மாமனான என்னை மண்டப வாசலில் கார் நிறுத்த இடம் காட்ட நிறுத்தினீர்கள். "நீதான்டா சர்வேயர், உனக்குத்தான் இடம் அளக்கத் தெரியும்" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மாலை மாற்றியபோது நான் ஒரு சிவப்பு வேனைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கையசைத்துக்கொண்டிருந்தேன். அதையெல்லாம் கேட்க இந்தக் கடிதம் எழுதவில்லை. அவற்றோடு நான் வாழப் பழகிவிட்டேன்.

நான் எழுத வந்தது அந்தத் திருகு மூடியைப் பற்றி.

கயாக்கின் பின்பக்கத்தில் தண்ணீர் வடிய ஒரு துளை உண்டு. கட்டைவிரல் அளவு. வீட்டில் வைக்கும்போது அதைத் திறந்துவைக்க வேண்டும். உள்ளே ஈரம் காயும், வெயிலில் காற்று உப்பாது. தண்ணீரில் இறக்கும்போது மூடியைத் திருகியே ஆக வேண்டும். மறந்தால் உடனே ஒன்றும் தெரியாது. அலை வர வர, கொஞ்சம் கொஞ்சமாகப் படகின் வயிற்றுக்குள் தண்ணீர் போகும். பாதி நிறைந்தபின் உள்ளே தண்ணீர் ஒரு பக்கம் ஓடினால் படகும் அந்தப் பக்கமே கவிழும்.

அதற்காக ஒரு வழக்கம் வைத்தேன். கழுவி முடித்தவுடன் மூடியை அந்தக் கயாக்குக்காரருடைய ஜாக்கெட்டின் நெஞ்சுப் பையில் போடுவேன். ஜாக்கெட்டை மாட்டும்போது நெஞ்சில் கட்டியாகத் தட்டுப்படும். பையில் மூடி இருந்தால் இன்னும் திருகவில்லை. பை காலி என்றால் திருகியாயிற்று. மாறிவிடக் கூடாது என்று சிவமலரின் நகச்சாயத்தால் புள்ளிகள் வைத்தேன். உங்களுக்கு ஒன்று, காதருக்கு இரண்டு, எனக்கு மூன்று. காதர் அதைப் பார்த்து, "மீனுக்கும் எல்லைக்கல் நட்டுடுவே போல, சர்வேயர்!" என்று கேலி செய்தார். ஆனால் எட்டு வருடத்தில் அந்த வழக்கம் ஒரு தடவைகூடத் தவறவில்லை. எனக்கு அதில் பெருமை இருந்தது. ஆபீசில் கிடைக்காத பெருமை.

2022 மார்ச் 6, ஞாயிற்றுக்கிழமை. பத்தாங் பெர்ஜுந்தாய்ப் பக்கம் நம் வழக்கமான ஈயக்குட்டை. விடியும் நேரம். செத்த மரங்கள் தண்ணீரில் நிற்கும் அந்த மூலையில் பீக்காக் பாஸ் சிறு மீன்களைத் துரத்தி அடிக்கும் சத்தம் கரைவரை கேட்டது. காதர் எப்போதும் போல தன் கடை லோரியின் பின்னால் பாயை விரித்துச் சுபுஹ் தொழுதார். அவர் தொழும்போது அவருடைய மூடியை நான் திருகிவைப்பது வழக்கம். அது யாரும் சொல்லி வந்ததில்லை. தானாக வந்தது. அவருக்கும் தெரியும். தொழுது முடித்து ஜாக்கெட்டை மாட்டி, நெஞ்சைத் தடவிப் பார்த்து, "நன்றி, சர்வேயர்" என்பார்.

அன்று என் காரைச் சேற்றிலிருந்து எடுத்து மேட்டில் நிறுத்தப் போனேன். நான்கு நிமிடம் இருக்கும். திரும்பி வந்து, லோரிக் கதவில் தொங்கிய காதரின் ஜாக்கெட் பையில் கைவிட்டேன். காலி. தொழுவதற்கு முன்னால் அவரே திருகிவிட்டார் என்று நினைத்தேன். காதர் எழுந்து வந்து பையைத் தடவினார். காலி. நான் திருகிவிட்டேன் என்று அவர் நினைத்தார். "நன்றி, சர்வேயர்" என்றார். நானும் தலையசைத்தேன். நீங்கள் அப்போதே தண்ணீரில் இறங்கிவிட்டீர்கள்.

அந்த நான்கு நிமிடத்தில் நடந்ததை நான் பார்க்கவில்லை. ஆனால் அளந்து பார்த்துத்தான் சொல்கிறேன். அடுத்த சனிக்கிழமை தனியாக அங்கே போனேன். உங்கள் கார் நின்ற இடத்தில், செம்மண் பாதையின் ஓரப் புல்லில், ஒரு புள்ளி வைத்த மூடி கிடந்தது. நீங்கள் போன் பேசிக்கொண்டே அதைக் கார் மேல் வைத்திருப்பீர்கள், உருண்டு விழுந்திருக்கும். தேடப் பொறுமை இல்லை. மீன் அடிக்கிறது. கதவில் காதரின் ஜாக்கெட் தொங்குகிறது. யோகாவிடம் உபரி மூடி இருக்கும், வந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்திருப்பீர்கள். அப்படித்தான் நினைத்திருப்பீர்கள் என்று இன்றும் நம்புகிறேன். பிறகு நீங்கள் சொல்லவில்லை. முதல் வீச்சிலேயே ஒரு நல்ல மீன் மாட்டியது, கரையைப் பார்த்துத் தூக்கிக் காட்டினீர்கள்.

ஒரு மணி நேரம் கழித்துக் காதரின் கயாக் பின்பக்கம் தாழ்ந்து மிதப்பதைப் பார்த்தேன். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாய், நேத்துக் கல்யாண வீட்டுல பிரியாணி ரெண்டு தட்டா?" என்று கத்தினேன். அவர் சிரித்து, "மூணு!" என்று கத்தினார். அந்தச் சிரிப்போடு ஒரு பக்கம் சாய்ந்து நூலை இழுத்தார். கயாக் அப்படியே புரண்டது.

நான் காதரைப் பார்த்தேன். நீங்கள் திரும்பி உங்கள் கயாக்கின் பின்பக்கத்தைப் பார்த்தீர்கள். அது அப்போது எனக்குப் புரியவில்லை.

ஜாக்கெட் அவரைத் தூக்கிப் பிடித்தது. ஆனால் நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டார். முறிந்த மரக்கட்டை ஒன்று முழங்காலுக்குக் கீழே கிழித்துவிட்டது. கரையில் உட்கார்ந்து இருமிக்கொண்டே, "மீனு என்னைப் பிடிச்சிருச்சு லா" என்று சிரிக்கத்தான் செய்தார். நாமும் சிரித்தோம். மூடி எங்கே என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும் நனைந்திருந்தோம், பசி.

மத்தியானம் தனியாகக் கழுவினேன். உங்கள் கயாக்கின் மூடியைத் திருகி எடுத்தபோது அதில் இரண்டு புள்ளி. அப்போதுதான் புரிந்தது. கோபம்கூட வரவில்லை. காதர் நன்றாகத்தானே இருக்கிறார், அடுத்த வாரம் உங்களைக் கேலி செய்ய ஒரு விஷயம் கிடைத்தது என்று நினைத்தேன். அதைக் கழுவி, துடைத்து, வழக்கப்படி காதரின் ஜாக்கெட் பையில் போட்டேன். எட்டு வருடப் பழக்கம். கை தானாகச் செய்தது.

பத்து நாள் கழித்துக் காதருக்குக் காய்ச்சல். பிறகு மஞ்சள் கண். எலிக்காய்ச்சல் என்றார்கள், குட்டைத் தண்ணீரும் காலில் வெட்டுக்காயமும் போதுமாம். சிறுநீரகம் இரண்டும் நின்றுபோய், மூன்று வாரம் இயந்திரத்தில் இரத்தம் சுத்தம் செய்தார்கள். அப்போதுதான் அவர் மகன் சஃப்வான் என் வீட்டுக்கு வந்தான். "உம்மா எல்லாத்தையும் எடுத்துட்டு வரச் சொல்லிட்டாங்க, அங்கிள்" என்றான். கயாக் அவன் காரில் ஏறாது. தூண்டில் கம்புகளையும் ஜாக்கெட்டையும் எடுத்துக்கொண்டான். ஜாக்கெட்டைத் தூக்கியபோது பையில் கட்டியாகத் தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தான். அவன் சின்ன வயதில் நம்மோடு வந்தவன், அந்த வழக்கம் அவனுக்கு மனப்பாடம். பையில் மூடி இருந்தால் இன்னும் திருகவில்லை.

படகு நிறைந்தது, மூடியோ பத்திரமாக இருக்கிறது; நான் பையிலிருந்து எடுத்தும் திருக மறந்து, பிறகு திரும்பப் போட்டிருக்கிறேன் என்று அவன் முடிவு கட்டிவிட்டான். என்னை ஒரு தடவை பார்த்தான். அவ்வளவுதான்.

மருத்துவமனை நடைவழியில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். காதரின் மனைவி ஜுபைதா அந்த மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டாள்: "அண்ணே, இதை மட்டும் போட மறந்துட்டீங்களா?" நான் வாயைத் திறக்கும் முன்னால் நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "விடும்மா, எல்லாத்தையும் அவன் ஒருத்தன்தான் பாக்குறான். பாவம், வேணும்னா செய்வான்? மறந்திருப்பான்." எனக்காகப் பரிந்து பேசினீர்கள். உங்கள் கை என் தோளில் இருந்தது. அந்தக் கையின் கனம் இன்னும் இறங்கவில்லை.

நான் உங்களை ஏறிட்டுப் பார்த்தேன். நீங்கள் சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் முறையைப் படித்துக்கொண்டிருந்தீர்கள். அதை அக்காவும் பார்த்துவிட்டாள். மாடிப்படி ஓரமாக என்னைக் கூட்டிப் போய் அழுதாள். "தம்பி, இன்னும் பத்து நாள்ல பெர்த்துக்குப் பிளேன். போலீஸ் ரிப்போர்ட், அது இதுன்னு வந்தா அங்க கிடைச்ச இவரு புது வேலையே போயிடும். பாய்க்கு ஏதாவது ஆச்சுன்னா கேஸ்தான். நீ தாங்கிக்குவே, தம்பி. இவரு தாங்க மாட்டாரு." நான் சரி என்றேன். நான் தாங்குவேன் என்று என் வீட்டில் முடிவு செய்தது அதுதான் முதல் தடவை என்று சொல்ல முடியாது. நீங்கள் ஏப்ரல் ஒன்பதாம் தேதி கிளம்பினீர்கள். விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்து, "ரீலுக்கு எண்ணெய் போட்டு வை" என்றீர்கள்.

காதர் பிழைத்தார். சிறுநீரகம் பாதிதான் வேலை செய்கிறதாம். துணிக்கட்டு தூக்க முடியாது. சஃப்வான் பினாங்கில் மருந்தாளர் வேலையை விட்டுவிட்டுக் கிள்ளான் கடைக்கு வந்து உட்கார்ந்துவிட்டான். பிளவுஸ் துணிக்கு நிறம் பொருத்திப் பார்க்கிறான்.

போன மாதம் தீபாவளிக்கு முன்னால் அங்கே போனோம். சிவமலர்தான் பிடிவாதம். "மூணு வருஷமா பிரிக்பீல்ட்ஸ்ல சேலை எடுத்து ஒண்ணுகூட எனக்குப் பிடிக்கல. பாய் கடைக்குத்தான் போறோம். உங்களுக்குக் கஷ்டமா இருந்தா கார்லயே உக்காருங்க" என்றாள். கூட்டமான கூட்டம். நான் காரில் உட்காரவில்லை, போனேன்.

காதர் நாற்காலியில் இருந்தார், இளைத்துவிட்டார். முன்பெல்லாம் என்னைக் கண்டால் கடைக்குள்ளிருந்தே, "வாயா சர்வேயர், ரோட்டை அளந்துட்டே வந்தியா?" என்று கத்துவார். இந்தத் தடவை எழுந்து நின்றார். "வாங்க சார். உக்காருங்க சார்" என்றார். அத்தான், எனக்கு ஆபீசில் எல்லாரும் சார் என்றுதான் சொல்கிறார்கள். அது இவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஜுபைதா தேநீர் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு, "இன்னிக்கு வரைக்கும் உங்கள அவர் ஒரு வார்த்த சொன்னதில்ல. வீட்டுல நான்தான் சொல்லுவேன். என் வாயி அப்படி" என்றாள். காதர், "விடு ஜுபைதா. சார் வேணும்னா செஞ்சாரு? மனுசன்னா மறக்கத்தான் செய்வான். நான் அன்னிக்கே மன்னிச்சிட்டேன்" என்றார். சிவமலர் ஒரு சேலையை மடித்துப் பிரித்து மடித்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். எனக்காக அவளும் மூன்றரை வருடம் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள்.

கிளம்பும்போது காதர் மெல்லக் கேட்டார்: "அங்க இன்னும் பாஸ் அடிக்குதா?" அடிக்கிறதாம், நான் போகவில்லை என்றேன். "டாக்டர் போலாம்னுட்டாரு. எனக்கும் ஆசைதான். ஒருநாள் சஃப்வான்கிட்டச் சொல்லி ஜாக்கெட்டை எடுத்து மாட்டிப் பாத்தேன். கை தன்னால நெஞ்சுக்குப் போகுது சார். மூடி உள்ள இருந்தாலும் பயமா இருக்கு, இல்லாட்டாலும் பயமா இருக்கு. கழட்டி வச்சிட்டேன்." அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். என்னைச் சங்கடப்படுத்திவிட்டோமே என்று அந்தச் சிரிப்பு.

செய்யாத ஒன்றுக்காக ஒருவர் என்னை மன்னித்திருக்கிறார். அதை வாங்கிக்கொண்டு, தேநீரையும் குடித்துவிட்டு வந்தேன். வழியில் ஷா ஆலத்தில் சிவமலர் ரேடியோவை அணைத்தாள். பிறகு, "எத்தன நாளைக்குங்க?" என்றாள்.

என் பங்கையும் எழுதிவிடுகிறேன். காலியான பையை நம்பினேன். குனிந்து பின்பக்கத்தைப் பார்க்க இரண்டு நொடி ஆகாது. என் வழக்கம் தவறாது என்ற திமிர். படகு தாழ்ந்தபோது பிரியாணி ஜோக் அடித்தேன். இந்த இரண்டையும் காதரிடம் நானே சொல்லத்தான் வேண்டும், சொல்லுவேன். அந்த மூடி உங்கள் படகில் இருந்தது என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியாது. நான் சொன்னால் அது தப்பித்துக்கொள்ளும் பேச்சு. மூன்றரை வருடம் கழித்து, நாடு தாண்டிப் போன அக்கா புருஷன் மேல் பழி போடுகிறான் என்றுதான் ஜுபைதாவின் காதில் விழும். மிரட்டவும் இல்லை, அத்தான். நீங்கள் சொல்லாவிட்டால் நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. இப்படியே இருந்துவிடுவேன். எனக்கு அது பழகிப்போன வேலை. ஆனால் காதர் என்னைச் சார் என்று கூப்பிட்டுக்கொண்டே செத்துப்போவார். அவர் எத்தனை வருடம் இருப்பார் என்று டாக்டர்களுக்கே தெரியவில்லை.

பழசெல்லாம் மறந்திருப்பார் என்று எழுதினீர்களே. அவர் எதையும் மறக்கவில்லை. தவறாக நினைவு வைத்திருக்கிறார், அவ்வளவுதான். அப்படி நினைவு வைத்துக்கொள்ளும்படி நாம் இரண்டு பேரும் செய்தோம். அக்காவை இதில் சேர்க்க வேண்டாம், அவள் அன்று பயந்துபோயிருந்தாள்.

ஆகவே ஒன்று கேட்கிறேன். டிசம்பர் 20 இறங்கியதும் சுங்கை பூலோவுக்கு வர வேண்டாம். அக்காவையும் பெட்டிகளையும் நான் வந்து கூட்டிப் போகிறேன். நீங்கள் ஒரு டாக்சி பிடித்து நேராகக் கிள்ளானுக்குப் போங்கள். அன்று சனிக்கிழமை, கடை திறந்திருக்கும். ஜுபைதாவும் சஃப்வானும் பக்கத்தில் இருக்கும்போது சொல்லுங்கள். நீளமாகப் பேச வேண்டாம், உங்களுக்குப் பேச நன்றாக வரும், அதுதான் எனக்குப் பயம். "என் மூடி தொலைந்தது, உங்கள் பையிலிருந்து எடுத்தேன், சொல்ல மறந்தேன், பிறகு சொல்லப் பயந்தேன்." இவ்வளவு போதும். அவர் கத்தினால் நின்று கேளுங்கள். கத்த மாட்டார். உங்களுக்கும் தேநீர் வரும். அதைக் குடித்துப் பாருங்கள்.

நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் மூன்று கயாக்கும் தயாராக இருக்கும். புதிய நூல் சுற்றிவிட்டேன், கொக்கிகள் மாற்றிவிட்டேன். நாளை உங்கள் ரீலைத் திறக்கிறேன். காதரின் படகுக்கு மட்டும் மூடி வாங்கவில்லை. அவர் வந்தால் அவருடையதை அவரே கொண்டுவரட்டும்.

அக்காவை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள். அருணனுக்கும் மருமகளுக்கும் என் ஆசிகள். உங்களுக்கும் கடவுள் நல்ல உடம்பைத் தரட்டும், கிள்ளான் வரை போய்ச் சேரும் தைரியத்தையும் தரட்டும். கோபத்தில் எழுதத் தொடங்கினேன். இப்போது அது இல்லை, களைப்புத்தான் இருக்கிறது. தயவுசெய்து போங்கள், அத்தான்.

இப்படிக்கு என்று எழுதிவிட்டு வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்தச் சொல்லை அடித்துவிட்டேன். பெயர் போட்டால் நீங்கள் எனக்குப் பதில் எழுதுவீர்கள். மன்னித்துவிடு யோகா என்று அழகாக ஒரு பக்கம் எழுதுவீர்கள், நானும் பரவாயில்லை என்று எழுதுவேன், அதோடு உங்களுக்கு எல்லாம் முடிந்துவிடும். நீங்கள் பதில் சொல்ல வேண்டிய ஆள் நான் இல்லை. நாளைக் காலை ஆபீசுக்குப் போகும் வழியில் கையெழுத்தில்லாமலே இதைத் தபாலில் சேர்த்துவிடுகிறேன்.